கற்பூரம் அணைத்த கை

வெள்ளித்துறையில் அன்றைக்கு அவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. கூப்பிடு தூரத்தில் காவேரி நுங்கும் நுரையுமாக ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடைச் சின்னுசாமியோ பின்னால் பானை நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, தண்ணி தீந்துபோச்சுங்க என்று கூசாமல் சொன்னான். சொன்ன கையோடு அதே பானையில் ஒரு சொம்பு மொண்டு தெருநாய்க்கு ஊற்றினான்.

"நாயாப் பொறந்திருக்கலாமுங்கண்ணா. ஊருக்குள்ள மரியாதையாச்சும் கெடைச்சிருக்கும்" என்றான் கலீலுல்லா.

கூட வந்த கைலாசம் பெஞ்சில் உட்கார்ந்தார். ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை அவர். போலீசில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து, ஒரு பெரிய மனிதரின் பெயரை ரிப்போர்ட்டிலிருந்து எடுக்கமாட்டேன் என்று அடம்பிடித்து வேலையைத் தொலைத்தவர். அன்றிலிருந்து பெரிய மனிதர் என்றாலே அவருக்கு வயிறு எரியும். கலீலுல்லா சேலம் கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகன். வியாபாரத்துக்கென்று தகப்பனார் கொடுத்த பழைய ஃபோர்டு காரில், வழக்கில் சிக்கிய ஏழைகளுக்காகத் துப்பு விசாரிக்கிற இந்த மனிதரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வசவு வாங்குவதுதான் அவன் செய்த ஒரே வியாபாரம்.

இந்த முறை அவர்களை அழைத்தவள் பரிசல்காரன் மாரியின் மனைவி சுப்பம்மாள். ஆடிப்பெருக்கு அன்று மேட்டூரில் மதகைத் திறந்துவிட்டார்கள், ஆற்றில் யாரும் இறங்கக்கூடாது என்று தண்டோரா போட்டாயிற்று. மாரியும் பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டான். ஆனால் அக்கரையில் பந்தல் போட்டு வைத்திருந்தார்கள். மடத்துத் தலைவர் அருளம்பல சாமிகளின் ஆசியுரை, அதோடு ஜில்லா போர்டு மெம்பர் வீரபாகுவின் பொதுக்கூட்டம். சாமிகள் முதலானவர்கள் மேடையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், எதிரே ஜமக்காளம் காலியாகக் கிடந்தது; ஆள் சேர்க்க மெம்பர் மட்டும் இக்கரையில் நின்றிருந்தார். உச்சிப்பொழுதில் மாரியின் பரிசல், கொள்ளாத கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. நடு ஆற்றில் சுழலில் சிக்கிக் கவிழ்ந்ததில் பெண்களும் பிள்ளைகளுமாக ஒன்பது பேர் போனார்கள்.

குடித்துவிட்டு, கூலிக்கு ஆசைப்பட்டு மாரி பரிசலைத் தள்ளினான் என்று மெம்பர் சொன்னார். மெம்பரே கரையில் நின்று, 'தள்றா, வாரதை நான் பாத்துக்கறேன்' என்று மிரட்டித்தான் தள்ளினேன் என்று சங்ககிரிச் சிறையில் கிடந்த மாரி சொன்னான். கரை நிறைய ஜனம் நின்றிருந்தது. அத்தனை பேரில் ஒருவராவது மெம்பர் மிரட்டியதைக் கேட்டதாகச் சாட்சி சொல்லாவிட்டால், திங்கட்கிழமை சேலம் கோர்ட்டில் அவன் கதை முடிந்தது.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. காரணம், மெம்பர் கற்பூரம் அணைத்துவிட்டார். கருமாதி முடிந்த மறுநாள் ஆற்றில் முழுகி, ஈரவேட்டியோடு கரைக்காளியம்மன் சந்நிதியில் நின்று, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, 'நான் தள்ளச் சொல்லவில்லை' என்று சத்தியம் செய்தார். அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் வழக்கு கிடையாது. பேச்சை மறுபடி எடுக்கிறவன் மெம்பரோடு அல்ல, அம்மனோடு மோதுகிறான் என்று அர்த்தம். அதனால்தான் நாய்க்குக் கிடைத்த தண்ணீர் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில் ராஜம்மாள் வந்தாள். பரிசலில் போன ஒன்பது பேரில் அவளுடைய ஒரே மகளும் ஒருத்தி. கரையில் மெம்பருக்கு மிக அருகில் நின்றவள் இவள்தான் என்று சுப்பம்மாள் சொல்லியிருந்தாள். அன்று தலையில் சுமந்திருந்த புளிச்சோற்றுக் கூடையோடு மகளைப் பரிசலில் ஏற்றிவிட்டு, அடுத்த நடைக்கு வருகிறேன் என்று நின்றவளாம். கைலாசம் எழுந்து, மெதுவாக, கோர்ட்டுக்கு வருவீங்களா என்று கேட்டார். அவள் அவர் காலடியில் காறித் துப்பினாள்.

"கேட்டனுங்க, என்ற காதாலயே கேட்டேன். தள்றான்னு மெம்பரு சொன்னது என்ற காதுல உழுந்துச்சு. ஆனா ஆத்தா முன்னால அணைச்சுப்போட்டாரே. பொய்யின்னா ஆத்தா சும்மா உடுவாளா? அப்ப என்ற காதுதான் பொய்யி. என்ற புள்ளையத் தின்னவன் அந்த மாரி. அவனுக்கு வக்காலத்து வாங்கறவன் வாயில மண்ணு உழுக."

அவள் போன பிறகு கலீலுல்லா அந்த எச்சிலைக் காலால் மண் தள்ளி மூடினான். தன் காதையே பொய் என்று சொல்லும்படி ஒரு தாயை ஆக்கிவிட்டானே என்று மெம்பர் மேல் அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. அதே ஆத்திரம் அம்மன் மேலும் கொஞ்சம் வந்தது. ஆனால் அது தன் வீட்டு விவகாரமல்ல என்று அடக்கிக்கொண்டான்.

அவர்களை எரிச்சல்படுத்த நினைத்த சின்னுசாமி மெம்பரின் பெருமையை எடுத்துவிட்டான். பாறைக்காட்டு வரப்புத் தகராறில் ஐந்து வருஷம் கேஸ் நடத்தியவர் மெம்பர். எதிராளி, கோர்ட் வேண்டாம், கரைக்காளி முன்னால் கற்பூரம் அணையுங்கள், நிலம் உங்களுக்கே என்றானாம். வாசல்வரை போன மெம்பர் அப்படியே திரும்பிவந்து நிலத்தை விட்டுக்கொடுத்தாராம். அவ்வளவு பயபக்தி உள்ளவர் பொய்ச்சத்தியம் பண்ணுவாரா என்று கேட்டான் சின்னுசாமி.

கைலாசத்தின் கண் மின்னியது. காருக்கு வந்ததும் மெல்லிய குரலில் சொன்னார். "நெலம் அவருதா இருந்திருந்தா அணைச்சிருப்பாரு கலீல். அஞ்சு வருஷம் கோர்ட்டுல கூசாமப் பொய் சொன்ன மனுசன், ஆத்தா வாசல்ல நடுங்கித் திரும்பியிருக்கறாரு. ஊரை ஏய்ப்பாரு, ஆத்தாளை ஏய்க்கமாட்டாரு. அப்பேர்ப்பட்டவரு இப்பப் போயி அணைச்சிருக்கறாரு. ஒண்ணு, மாரி பொய் சொல்றான். இல்லீன்னா, மெம்பருக்கு ஆத்தா பயம் உட்டுப்போச்சு. பயம் எப்படி உட்டுச்சுன்னு பாக்கோணும்."

மடம் கோயிலை ஒட்டியே இருந்தது. கோயில் நிர்வாகமும் மடத்தின் கையில்தான். கூடத்தில் ஊஞ்சலில் அருளம்பல சாமிகள், கீழே ஜமக்காளத்தில் மெம்பர் வீரபாகு. வெள்ளைக் கதரும் நெற்றி நிறைய நீறுமாக, மெம்பர் பார்க்க நல்லவராகத்தான் இருந்தார். கைலாசம் கும்பிடவில்லை. உட்காரச் சொன்னபோதும் நின்றுகொண்டே இருந்தார்.

சாமிகள் சாந்தமாகவே பேசினார். காலம் வந்தவர்களைக் காவேரி அழைத்துக்கொண்டாள், மனிதர் மேல் பழி போட்டு என்ன ஆகப்போகிறது என்றார்.

"உங்களை மட்டும் வெள்ளம் வரதுக்கு முன்னால, காலையிலயே அக்கரை சேத்துட்டாளே. காவேரிக்கு ஆள் தெரியும்போல" என்றார் கைலாசம்.

சாமிகளின் ஊஞ்சல் நின்றது. வாசலில் நின்ற மெம்பரின் ஆட்கள் ஒரு அடி உள்ளே வந்தார்கள். கலீலுல்லா கதவுக்கும் தனக்கும் எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்துகொண்டான்.

மெம்பர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "ஒருக்கா அணைச்சாச்சுங்க. அதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

"வாரதை நான் பாத்துக்கறேன்னு நீங்க சொன்னதா மாரி சொல்றானுங்க. வந்துருச்சு. இன்னும் நீங்க பாக்கலையே."

சாமிகள் கையை உயர்த்தினார். அம்மன் முன்னால் நடந்த சத்தியத்தைச் சந்தேகித்தது மகாபாவம், வெள்ளிக்கிழமை உச்சி பூஜைக்கு ஊர் கூடும், எல்லார் முன்னிலையிலும் அம்மன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் கைகால் சேதமில்லாமல் ஊர் எல்லையைத் தாண்டலாம் என்று அதே சாந்தத்தோடு சொன்னார். சாந்தமாகச் சொன்ன மிரட்டல்தான் கலீலுல்லாவுக்கு அதிகப் பயமாக இருந்தது. கைலாசம் திருப்பிக் கொடுப்பார் என்று அவன் எதிர்பார்த்தான். அவரோ, சரிங்க, ஆத்தா முன்னாலயே உழுந்து கேக்கறேன் என்று ஒப்புக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வெளியே காரின் இரண்டு சக்கரங்களில் காற்றைப் பிடுங்கி விட்டிருந்தார்கள். கைலாசம் கோயிலுக்குள் போனார். கலீலுல்லா கோயில் மதிலுக்கு வெளியே, வேப்பமர நிழலில் பம்பை வைத்துக்கொண்டு காற்றடித்தான். பசி வேறு காதை அடைத்தது. அப்போது மடைப்பள்ளியிலிருந்து நெய்யும் மிளகும் மணக்க ஒரு பொங்கல் பாத்திரம் புறப்பட்டது. பசித்தவன் கண் வேறெங்கே போகும்? பாத்திரத்தின் மேல் துணியைப் போர்த்தி, பூசாரி சண்முகவேல் இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். கோயில் வாசலுக்குத் திரும்பவில்லை. மதிலோரமாக நடந்து, திருப்பணிக்குச் சுண்ணாம்பும் மரமும் போட்டு வைத்திருக்கிற கீற்றுக் கொட்டகைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே சின்ன மணி ஒன்று, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல அடங்கி ஒலித்தது.

கைலாசம் திரும்பியதும் அவன் புலம்பினான். "இந்த ஊர்ல சுண்ணாம்பு மூட்டைக்குக்கூட நெய்ப்பொங்கல் கெடைக்குதுங்கண்ணா. நமக்குத்தான் பச்சத்தண்ணி இல்லை." பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

கைலாசம் கொட்டகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மதிலைச் சுற்றிக்கொண்டு கருவறையின் பின்புறம் போனார். அம்மனுக்கு ஊற்றுகிற அபிஷேகத் தண்ணீர் வெளியே விழுகிற கல் தாரை அங்கே இருந்தது. அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். நாள் தவறாமல் நனைய வேண்டிய கல், காய்ந்து கிடந்தது. அடியில் பாசி சருகாகி, தாரைக்குள் எறும்பு புற்று வைத்திருந்தது. அவர் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கலீலுல்லா அந்த வருஷத்தில் அதுவரை பார்த்ததில்லை.

"நமக்கு மட்டுமில்லை கலீல். கோயிலுக்குள்ள இருக்கற கல்லுக்கும் இந்த ஊர்ல யாரும் தண்ணி ஊத்தலை" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து கறக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஊரே திரண்டிருந்தது. அக்கரையிலிருந்துகூட ஆள் வந்திருந்தார்கள். சுப்பம்மாள் ஒருத்தி மட்டும் தனியாக மதிலோரம் நின்றாள். அவளைச் சுற்றி நாலு ஆள் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. சாமிகளும் மெம்பரும் கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கலீலுல்லா காரின் கதவைத் திறந்தே வைத்திருந்தான். கல் விழுந்தால் ஏறிக்கொள்ள வசதியாக இருக்கும்.

கைலாசம் ஆற்றில் முழுகிவிட்டு ஈரவேட்டியோடு வந்தார். கூட்டம் வழிவிட்டது. ஒருவன் அவர் முதுகில் சாணியை எறிந்தான். அவர் துடைக்கவில்லை. நேரே வாசல்வரை போனார். அங்கே நுழையாமல், மதிலோரமாகத் திரும்பி, நடந்து, கீற்றுக் கொட்டகையின் முன்னால் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

சிலர் சிரித்தார்கள். சுண்ணாம்புக் கொட்டகை முன்னால் விழுகிறானே, பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றான் ஒருவன். கலீலுல்லா மெம்பரின் முகத்தைப் பார்த்தான். நெற்றி நீறு வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. பூசாரி சண்முகவேல் தீபத்தட்டோடு கொட்டகைக் கதவருகே ஓடிவந்து நின்றார்.

"பூசாரி, கதவைத் தொறங்க. நான் யாரு கால்ல உழுந்திருக்கறேன்னு ஊர் பாக்கட்டும்" என்றார் கைலாசம், சேற்றிலிருந்து எழாமலே.

பூசாரி சாமிகளைப் பார்த்தார். சாமிகள் தலையை மெல்ல அசைத்து, கூடாது என்றார். சண்முகவேலுக்குக் கண் கலங்கியது. பிறகு அந்த மனிதர் செய்த காரியம், கலீலுல்லா அவரிடம் கொஞ்சமும் எதிர்பாராதது. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே சுண்ணாம்பு மூட்டைகளுக்கு நடுவே மஞ்சள் துணி விரித்த பீடம். அதன்மேல் அத்திமரப் பலகையில் எழுதிய கரைக்காளியம்மன், பக்கத்தில் கும்பம், அன்று பூத்த செவ்வரளி, அணையாமல் எரிகிற விளக்கு, ஆறாத பொங்கல். முன்னால் நின்ற பெண்கள் கைகூப்பினார்கள். கோயில் திருப்பணி என்றால் என்ன என்று அந்த ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லில் கை வைக்குமுன் அம்மனைக் கல்லிலிருந்து கும்பத்துக்கு மாற்றி, பலகையில் இறக்கி, வெளியே தனியிடத்தில் வைப்பார்கள். அதற்குப் பாலாலயம் என்று பெயர். மறுபடி குடமுழுக்கு ஆகும்வரை அம்மன் இருக்கிற இடம் பலகைதான், கருவறையில் நிற்பது கல். எப்போதும் மேளதாளத்தோடு ஊரைக் கூட்டிச் செய்கிற காரியம் அது. இந்த முறை ஊருக்குத் தெரியாது. தை மாதம்தான் திருப்பணி என்று சொல்லியிருந்தார்கள்.

"எப்பப் பண்ணுனீங்க?" என்று கேட்டார் கைலாசம்.

"மெம்பரு சத்தியம் பண்ணுன அன்னிக்கு, வெடியறதுக்கு முன்னாலயுங்க. சாமிகள் உத்தரவு." பூசாரி பலகையைப் பார்த்தபடியே சொன்னார். "யாருகிட்டயும் சொல்லாதேன்னாருங்க. உள்ள சும்மா தீபம் மட்டும் காட்டச் சொன்னாரு. ஆனா ஆத்தாளைப் பட்டினி போட முடியுங்களா? அதான் இங்க கொண்டாந்து படைச்சனுங்க."

ஊரை ஏமாற்றத் துணிந்த மூன்று பேரில், பூசாரிக்குச் சாமியைப் பட்டினி போடத் துணிச்சல் வரவில்லை. மாட்டிக்கொண்டது அதில்தான்.

கைலாசம் எழுந்து, பலகை முன்னால் ஒரு கட்டி கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். "மெம்பர், வாங்க. அங்க அணைச்ச அதே கை. இங்க ஒருக்கா அணைச்சிட்டுப் போங்க. நான் இப்பவே ஊரை உட்டுப் போயிடறேன்."

வீரபாகு எழுந்தார். இரண்டு எட்டு வைத்தார். அவரை அடிக்க யாரும் கை ஓங்கவில்லை. பலகையில் எழுதியிருந்த கண் மட்டும் அவரைப் பார்த்தது. அவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு சாமிகளின் பக்கம் திரும்பினார்.

சாமிகள் முந்திக்கொண்டார். "இதெல்லாம் எமக்குத் தெரியாது. மெம்பர் எங்கே சத்தியம் செய்தார், எதற்குச் செய்தார் என்பது அவருக்கும் அம்மனுக்கும் உள்ள விஷயம்" என்றார்.

மெம்பரின் பயம் அந்த நொடியில் வெறியாக மாறியது. "தெரியாதுங்களா? உள்ள வெறும் கல்லுதான் நிக்குது, தைரியமா அணைன்னு சொன்னது நீங்கதானுங்களே" என்று கத்தினார். கத்திய பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது. கற்பூரம் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ராஜம்மாள் வந்தாள். கைலாசத்தைத் தாண்டி, மெம்பரைத் தாண்டி, பலகை முன்னால் போய் நின்றாள். குனிந்து, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் பொத்தி அணைத்தாள். பூசாரி பதறிக் கையைப் பிடிக்கப் போனார். அவள் விடவில்லை.

"தள்றான்னு சொன்னது இவரு. என்ற காது பொய் சொல்லலை ஆத்தா. பொய்யின்னு நான்தான் என்ற காதை வஞ்சேன்."

பிறகு வேறொருத்தர் முன்னால் வந்து, தானும் கேட்டதாகச் சொன்னார். மூன்றாவதாக வந்தவன் டீக்கடைச் சின்னுசாமி. அவனும் அன்று கரையில் நின்றவன்தான். கைலாசத்தின் முகத்தைப் பார்க்காமல் ஒரு சொம்பு தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, நானும் கேட்டனுங்க என்றான்.

கலீலுல்லா அந்தச் சொம்பை முதலில் எடுத்துக் குடித்தான். பிறகு, மெம்பருக்கு ஒரு செக்ஷன் கண்டிப்பாகக் கிடைக்கும், சாமிகளுக்கு எந்த செக்ஷன் என்று கேட்டான்.

"சட்டத்துல இல்லை" என்றார் கைலாசம். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகம் பழையபடி கடுத்துவிட்டது.

சாமிகளுக்கும் அது தெரிந்திருந்தது. நிதானமாக எழுந்து, சீடன் நீட்டிய தட்டிலிருந்து நீறு எடுத்து, ஆசி கொடுக்கக் கையை உயர்த்தியபடி கூட்டத்துக்குள் நடந்தார். எப்போதும் அவர் நடந்தால் இரண்டு பக்கமும் ஜனம் சரிந்து விழும். அன்று ஒருவரும் குனியவில்லை, ஒருவரும் கை நீட்டவில்லை. யாரும் திட்டவும் இல்லை. மடத்து வாசல்வரை அந்தக் கை நீறோடு அந்தரத்திலேயே போயிற்று.

ராஜம்மாள் வெந்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு மதிலோரம் போனாள். சுப்பம்மாளைச் சுற்றிக் காலியாகக் கிடந்த இடத்தில் போய் அவள் பக்கத்தில் நின்றாள். வெகுநேரம் இருவரும் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ராஜம்மாள் கேட்டாள்:

"திங்கக்கெழமை சேலத்துக்குப் போற பஸ்ஸு எங்க நிக்கும் கண்ணு?"